தான்... தான்...

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. இது ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருந்த விஷயம். வழக்கமான மொக்கை இல்லை, கொஞ்சம் நீளமான வரலாற்றுப் பதிவு. பொறுமை இருக்கிறவங்க டீயைப் போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

2022 கார்த்திகையில் என் பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வலது கையும் வலது காலும் இழுத்துக்கிச்சு, பேச்சு போயிடுச்சு. பத்து நாள் கழிச்சு ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. "வந்து". தண்ணி வேணும்னாலும் "வந்து வந்து", ஃபேனைப் போடச் சொன்னாலும் "வந்து வந்து", யாராவது பார்க்க வந்தா சிரிச்சுக்கிட்டே "வந்து". ரவுண்ட்ஸ் வந்த சின்ன டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கிட்டே "ப்ரோகா'ஸ் அஃபேசியா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். யாருய்யா இந்த ப்ரோகான்னு அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து மொபைலில் தேட ஆரம்பிச்சவன்தான், இன்னும் முடிக்கலை.

தேடப் போனது ப்ரோகாவை. ஆனா மனசில் நின்னது வேற ஒருத்தர்.

பாரிஸுக்குத் தெற்கே பிசேத்ர் என்று ஒரு பெரிய மருத்துவமனை. மருத்துவமனை என்று சொல்கிறோமே தவிர, பல காலம் அது பாதி சிறை, பாதி அனாதை விடுதி, பாதி பைத்தியக்கார ஆஸ்பத்திரி (மூணு பாதி வருதேன்னு கேக்காதீங்க, அந்த இடம் அப்படித்தான்). 1792-இல் கில்லட்டின் இயந்திரத்தை முதன்முதலில் பிணங்களின் மேல் சோதித்துப் பார்த்ததும் அங்கேதான்.

1840 வாக்கில் அங்கே ஒருவர் வந்து சேர்ந்தார். முப்பது வயசு. செருப்பு, ஷூ தைக்கிறவர்களுக்கான மரக்கட்டை அச்சு செய்வது தொழில். சின்ன வயசிலிருந்தே வலிப்பு நோய் உண்டு. சேர்வதற்கு ரெண்டு மூணு மாசம் முன்பு பேச்சு நின்றுவிட்டது. மற்றபடி ஆள் கெட்டி. நடப்பார், வேலை செய்வார், சொல்வதெல்லாம் புரியும். ஆனால் எதைக் கேட்டாலும் பதிலாக வந்தது ஒரே அசை, பெரும்பாலும் ரெண்டு தடவை: "தான், தான்".

ஆங்கிலப் புத்தகங்களில் 'டான்' என்று படித்திருப்பீர்கள். ஃப்ரெஞ்சுக்காரன் வாயில் அது நம்ம 'தான்'தான். தமிழில் படிக்கும்போது அந்தச் சொல்லுக்கு இருக்கிற அர்த்தம் ஃப்ரெஞ்சில் இல்லை. ஆனாலும் முதலில் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

மருத்துவமனையில் எல்லோரும் அவரை 'தான்' என்றே கூப்பிட்டார்கள். பதிவேட்டில் லெபோர்ன் என்று இருந்தது. ஆனால் யார், எந்த ஊர், அப்பா அம்மா யார் என்பதெல்லாம் மருத்துவ வரலாற்றுக்குத் தேவைப்படவில்லை. 150 வருடம் கழித்து, 2013-இல், சேசாரி டொமான்ஸ்கி என்ற போலந்து நாட்டு ஆய்வாளர் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகளைக் கிளறிக் கண்டுபிடித்து எழுதினார். முழுப்பெயர் லூயி விக்தோர் லெபோர்ன். பிறந்தது 1809, மோரே என்ற ஆற்றங்கரை ஊர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார்! அதுவரை இந்த மனிதரை ஏதோ எழுத்தறிவில்லாத அடித்தட்டு ஆள் என்றே பலரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். தோல் பதனிட மரப்பட்டையை அரைக்கும் ஆலைகள் மோரேயில் இருந்தன, அந்தப் பட்டைப் பொடிக்கு ஃப்ரெஞ்சில் 'தான்' என்று பெயர், சின்ன வயசு ஞாபகம்தான் நாக்கில் தங்கிவிட்டதோ என்றும் டொமான்ஸ்கி ஒரு ஊகத்தை வைக்கிறார். கேட்க நல்லா இருக்கு, ஆனா எனக்கு அவ்வளவா நம்பிக்கை இல்லை. பெரியப்பா 'வந்து' என்ற ஊரில் பிறக்கலை.

பிசேத்ரில் பத்து வருஷம் போனபின் வலது கை தளர ஆரம்பித்தது. அப்புறம் வலது கால். கடைசி ஏழு வருஷம் போல படுத்த படுக்கை. சக நோயாளிகளிடம் அவருக்கு நல்ல பெயர் இல்லை. சுயநலக்காரன், வன்மம் பிடிச்சவன், திருடன் என்றுகூடச் சிலர் சொன்னார்களாம். எதிரில் இருப்பவன் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் புரிந்து, பதிலுக்கு ஒரே ஒரு அசை மட்டுமே வரும் என்றால், இருபது வருஷத்தில் நானும் நீங்களும் என்ன ஆகியிருப்போம்?

இன்னொன்றும் உண்டு. கோபம் தலைக்கேறினால் மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு முழு வசவு சுத்தமாக வரும், கடவுள் பேரை இழுத்துத் திட்டும் ஃப்ரெஞ்சு வசவு. சாதாரணமாகக் கேட்டால் வராது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகணும். மூளையில் பேச்சுக்கென்று தனி இடம் உண்டா என்பது அன்று அறிவியல் கேள்வி மட்டும் இல்லை. வியன்னாவில் ஃப்ரான்ஸ் யோசஃப் கால் என்ற டாக்டர், மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குணம், அதன் மேடு பள்ளம் மண்டை ஓட்டிலேயே தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கூடப் படித்த பையன்களில் முண்டக்கண் உள்ளவர்கள் நன்றாக மனப்பாடம் செய்தார்களாம், அதனால் சொல் நினைவு கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது! ஆராய்ச்சி முறை எப்படி பாருங்க :-) மனசைத் துண்டு துண்டாகப் பிரித்தால் ஆன்மா எங்கே போகும் என்று பேரரசர் அவருடைய சொற்பொழிவுகளுக்குத் தடை போட்டார். அவர் 1807-இல் பாரிஸ் வந்து சேர்ந்தார். அங்கே ஃப்ளூரான்ஸ் என்ற விஞ்ஞானி, பிராணிகளின் மூளையை வெட்டி வெட்டிப் பார்த்துவிட்டு, பெருமூளை மொத்தமாகத்தான் வேலை செய்கிறது, தனித்தனி இலாகா எல்லாம் கிடையாது என்று அடித்துச் சொன்னார். காலின் மண்டை ஜோசியம் செத்தது.

ஆனா அதில் ஒரு பொறியை மட்டும் பூயோ என்ற டாக்டர் விடவில்லை. 1825-லிருந்தே, பேச்சு மூளையின் முன்பகுதியில் இருக்கிறது என்று வாதாடினார். முன்பகுதி கெட்டும் பேச்சு கெடாத ஒரு கேஸைக் காட்டினால் 500 ஃப்ராங்க் தருகிறேன் என்று பந்தயம் வேறு கட்டினார். பல வருஷம் கழித்து வெல்போ என்ற சர்ஜன் எழுந்து, என்னிடம் விக் செய்யும் ஒருவர் நோயாளியாக இருந்தார், முன்மூளை முழுக்கக் கட்டி, ஆனால் சாகும்வரை வாய் மூடவே இல்லை, எடு பணத்தை என்றார். அறிவியல் மாநாடுன்னா இப்படி இருக்கணும்.

பூயோவின் மாப்பிள்ளை ஓபர்தான். மாமனார் கொள்கையைத் தாங்கிப் பிடித்தவர். 1861 ஏப்ரல் 4 அன்று பாரிஸ் மானிடவியல் கழகத்தில் எழுந்து, பேச்சு போன நோயாளியின் மூளையில் முன்பகுதி பழுதில்லாமல் இருந்தால் நான் இந்தக் கொள்கையையே விட்டுவிடுகிறேன் என்று சவால் விட்டார். அந்தக் கழகத்தை 1859-இல் தொடங்கியவர்தான் பால் ப்ரோகா. பிசேத்ரில் சர்ஜன்.

சவால் விட்டு ஒரே வாரம். ப்ரோகாவின் வார்டுக்கு லெபோர்னைத் தூக்கி வந்தார்கள், வலது கால் முழுக்கப் புரையோடிய நிலையில். அந்தக் கால் கதையையும் ப்ரோகா எழுதி வைத்திருக்கிறார். படுக்கையை நனைக்கிறவர் இல்லை என்பதால் அவருக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் துணி மாற்றுவார்கள். வலிக்கிறது என்று சொல்ல வாயில்லை. உணர்ச்சி குறைந்த கால். கவனித்தபோது பாதத்திலிருந்து இடுப்புப் பக்கம் வரை ஏறிவிட்டது.

பிழைக்க மாட்டார் என்று ப்ரோகாவுக்குத் தெரிந்தது. ஓபர்தானை வரவழைத்துக் காட்டினார். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன்.

நோய் எந்த வரிசையில் வந்தது என்று கேட்டார். லெபோர்ன் இடது கை விரலால் முதலில் நாக்கைக் காட்டினார், அடுத்து வலது கை, அடுத்து வலது கால். சரி. கடிகாரத்தைக் காட்டினார், மணியைச் சரியாக உணர்த்தினார். குழந்தைகள் உண்டா என்று கேட்டதற்கு உண்டு என்பதுபோலச் சைகை, ஆனால் அவருக்குக் குழந்தைகள் இல்லை. (அந்தக் கேள்வி எப்படிக் கேட்டதோ அவர் காதில்.) பிசேத்ருக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சு? இடது கையை நான்கு தடவை விரித்து மூடினார், அப்புறம் ஒரு விரலைக் காட்டினார். இருபத்தொன்று. சரியான கணக்கு.

மறுநாள் ப்ரோகா அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில். மூன்றாவது தடவையும் கேட்டார். லெபோர்னுக்குப் புரிந்துவிட்டது, இவன் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை, என்னை வைத்துப் பரீட்சை பண்ணுகிறான் என்று. கோபத்தில் அந்த வசவு வெடித்தது. ப்ரோகா தன் காதால் அதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார்.

ஏப்ரல் 17 அன்று லெபோர்ன் இறந்தார். 18-ஆம் தேதியே மூளை கழகத்தின் மேஜைமேல் இருந்தது. இடது பக்கம் முன்பகுதியில் ஒரு கோழி முட்டை அளவுக்குக் குழி. அந்த வருஷமே லெலோங் என்று இன்னொருவர், 84 வயசு, அஞ்சே சொல்தான் வரும். அதில் ஒன்று 'மூன்று' என்பதன் மழலை வடிவம். எல்லா எண்ணுக்கும் வாயில் அந்த மூன்றுதான், ஆனால் விரல் சரியான எண்ணைக் காட்டும். அவர் மூளையிலும் கிட்டத்தட்ட அதே இடம்.

1863-க்குள் எட்டு கேஸ். எட்டிலும் இடது பக்கம். ப்ரோகாவுக்கே நம்ப முடியலை, அவசரப்பட்டு எதுவும் சொல்லலை. வெளியிலிருந்து பார்த்தால் மூளையின் ரெண்டு பாதியும் அச்சு அசலாக ஒன்று, அப்புறம் ஏன் இடது மட்டும்? 1865-இல்தான், நாம் இடது மூளையால் பேசுகிறோம் என்று தெளிவாக எழுதினார். இதையே 1836-இல் மார்க் டாக்ஸ் என்ற கிராமப்புற டாக்டர் எழுதி வைத்துவிட்டு அடுத்த வருஷம் செத்துப்போனார் என்று அவர் மகன் குஸ்தாவ் சண்டைக்கு வந்தது தனிக்கதை. மகனும் டாக்டர்தான். அப்பா எழுதியதையும் தன் பங்கையும் சேர்த்து 1863-லேயே அகாடமிக்கு அனுப்பியிருந்தார், அச்சில் வர 1865 ஆகிவிட்டது. ஸ்ட்ரோக்கில் வலது கையும் பேச்சும் ஏன் சேர்ந்தே போகிறது என்பதற்கும் விடை இதில் இருக்கு. வலது உடம்பை ஆட்டுவது இடது மூளை, பேச்சும் பெரும்பாலோருக்கு அங்கேதான், ரெண்டுக்கும் ரத்தம் கொண்டுபோவது ஒரே பெரிய ரத்தக்குழாய்.

ப்ரோகாவைக் கும்பிட்டுவிட்டுப் போகவும் மனசு வரலை. இதே மனிதர்தான் மண்டை ஓடுகளை அளந்து அளந்து, ஆண் உயர்த்தி பெண் தாழ்த்தி, வெள்ளையர் உயர்த்தி மற்றவர் தாழ்த்தி என்று வரிசை கட்டியவர். ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1981-இல் எழுதிய புத்தகத்தில் அந்த வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏற்றியிருக்கிறார். ஒரு நோயாளியின் அஞ்சு விரலை இவ்வளவு கவனமாக எண்ணியவர், ஒரு கண்டத்து மனிதர்களையே டேப் வைத்து அளந்து முடித்துவிட்டார்.

1874-இல் கார்ல் வெர்னிக்கே. ஜெர்மனியின் ப்ரெஸ்லாவ் நகரம் (இன்றைக்குப் போலந்தில்). இவர் காட்டியது நேர் எதிர் வகை. பேச்சு அருவி மாதிரி கொட்டும், ஆனால் அர்த்தம் நிற்காது, அடுத்தவர் சொல்வதும் ஏறாது. இப்படிப்பட்டவர்களைப் பைத்தியம் என்று ஒதுக்குவது சுலபம். காதுப் பக்கம் இருக்கிற வேறொரு இடம் கெட்டதால் வருவது என்றார் அவர். அதோடு நிற்கலை. ரெண்டு இடத்தையும் இணைக்கிற வழி மட்டும் அறுந்தால் மூணாவதாக ஒரு வகை வரணும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். பிற்பாடு அந்த மாதிரி நோயாளிகளையும் கண்டுபிடித்தார்கள். அதை எழுதியபோது அவருக்கு வயசு 26. அந்த வயசில் நான் யாரோ எழுதின கோடில் நல் பாயின்டர் தேடிக்கிட்டு இருந்தேன்.

பொட்டி தட்டுற பயலுக்கு இந்த 'இணைப்பு' சமாச்சாரம் சட்டென்று பிடிபடும். சர்வர் நல்லா இருக்கு, உங்க கம்ப்யூட்டரும் நல்லா இருக்கு, நடுவில் கேபிளை எலி கடிச்சா பேஜ் வராது. லெபோர்ன் விஷயத்திலும் அதுதான் நடந்திருக்கு. ப்ரோகா அந்த மூளையை வெட்டாமல் முழுசாகச் சாராயத்தில் போட்டு வைத்தார், மகா புண்ணியம். பாரிஸின் துப்புய்த்ரான் மியூசியத்தில் ஜாடிக்குள் இருந்த அதை நினா ட்ரான்கர்ஸ் குழு எம்.ஆர்.ஐ. எடுத்து 2007-இல் வெளியிட்டது. மேலே தெரிந்த குழியைவிட உள்ளே சேதம் ரொம்ப ஆழம், முன்னும் பின்னும் இணைக்கிற நரம்புக் கற்றைகள் வரை. ப்ரோகா வெளியே மட்டும் பார்த்து முடிவு கட்டியிருந்தார். இன்று ப்ரோகா பகுதி என்று பாடப்புத்தகம் கோடு போடும் இடமும் அவர் குறித்த இடமும்கூட அப்படியே ஒத்துப்போகவில்லை.

அந்த வசவுக்கு வருவோம். 1866 மார்ச்சில் போதலேர், ஆமாம் அந்தக் கவிஞர் போதலேர்தான், பெல்ஜியத்தில் நாமூர் நகரத்துத் தேவாலயத்தைப் பார்க்கப் போன இடத்தில் தடுமாறி விழுந்தார். சில நாளில் வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. ஃப்ரெஞ்சு மொழியையே புரட்டிப்போட்ட ஆளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வசவு. கிட்டத்தட்ட லெபோர்னுடைய அதே வசவின் சுருக்கம்! சந்தோஷம், கோபம், நன்றி எல்லாத்துக்கும் அதுதான். ப்ரஸ்ஸல்ஸில் அவரைப் பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரீகள் பதறிப்போனார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டில் இறந்தார்.

ஏன் வசவு மட்டும் தப்புது? ஹ்யூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய டாக்டர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடிச்சது. யோசித்துக் கோத்துச் சொல்கிற பேச்சு வேறு, தானாக வெளியே விழுகிற பேச்சு வேறு. வசவு, வணக்கம், ஒண்ணு ரெண்டு மூணு, மனப்பாடமான பிரார்த்தனை எல்லாம் ரெண்டாவது ரகம். பாட்டும் தப்பிக்கும். பேச முடியாத ஒருவர் தேவாலயப் பாடல்களை மட்டும் தெளிவாகப் பாடியதை 1745-லேயே ஸ்வீடனில் ஒலோஃப் டாலின் எழுதி வைத்திருக்கிறார். எங்க பெரியப்பா டி.எம்.எஸ். பாட்டு ஓடினா கூடவே ரெண்டு வரி பாடுவார். ஒவ்வொரு சொல்லும் அவ்வளவு சுத்தம். பாட்டு நின்னா "வந்து".

பேச்சு போனா புத்தி போச்சுன்னு அர்த்தமில்லை என்பதற்கு இன்னொரு ஆள், சாமுவேல் ஜான்சன், 1755-இல் ஆங்கில அகராதி போட்டவர். 1783 ஜூனில் ஒரு நாள் விடிகாலை மூணு மணிக்கு என்னவோ போல இருக்க எழுந்தார். புத்தி சரியா இருக்கான்னு பார்க்க லத்தீனில் செய்யுளாக ஒரு பிரார்த்தனை கட்டினார். செய்யுள் சுமார்தான், ஆனா சுமார்னு எனக்கே தெரியுதே, அப்ப புத்தி நல்லாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணினார். பேச்சு மட்டும் வரலை. (நம்ம பதிவர்கள் பலருக்கு இந்தச் சோதனை வேலைக்காகாது, நான் உட்பட.) அவருக்குச் சில நாளில் பேச்சு திரும்பியது.

இதையெல்லாம் நான் படிக்கிறதுக்கு முன்னாடி நடந்த ஒண்ணையும் எழுதிடறேன். ஆஸ்பத்திரியிலிருந்து கோவில்பட்டி வீட்டுக்கு வந்த மறுவாரம். ஹாலில் பெரியப்பா கட்டிலில் இருக்கார். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தெக்குத் தெரு வீட்டை வித்துடலாமான்னு அவர் முன்னாடியே உட்கார்ந்து எல்லாரும் பேசிக்கிட்டு இருக்கோம். அவர் சுயமா சம்பாதிச்சு வாங்கின வீடு. "மெதுவாப் பேசுங்களேன்"னு நான் சொன்னேன். பெரியம்மா, "அவுகளுக்கு ஒண்ணும் வெளங்காதுப்பா, எல்லாம் மறந்து போச்சு"ன்னாங்க. அப்ப பெரியப்பா "வந்து வந்து வந்து"ன்னு ஆரம்பிச்சு, கழுத்து நரம்பு புடைக்க ஒரு கெட்ட வார்த்தை சொன்னார் பாருங்க. ஜென்மத்தில் அவர் வாயில் நாங்க கேட்காத வார்த்தை. எல்லாரும் என்ன முடிவுக்கு வந்தோம் தெரியுமா? மூளை கலங்கிடுச்சு, தூக்க மாத்திரையைக் கூட்டச் சொல்லணும். நானும் தலையை ஆட்டினேன். பி.இ. படிச்சவன்.

அன்னிக்கு ராத்திரி பஸ்ஸில் வரும்போதுதான், ஆஸ்பத்திரி பெஞ்சில் பாதியில் விட்டிருந்ததைத் திரும்ப எடுத்து, லெபோர்னுடைய அந்த மூணாவது கேள்வி வரைக்கும் படிச்சேன். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரலை.

அடுத்த மாசம் போனேன். யாரும் இல்லாத நேரமா பார்த்து, நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு, "பெரியப்பா, நீங்க மொத்தம் எத்தனை வருஷம் சர்வீஸ்?"னு கேட்டேன். "வந்து..."ன்னார். அப்புறம் இடது கையைத் தூக்கினார். விரிச்சு மூடினார், ஆறு தடவை. அப்புறம் ஒரு விரல்.

பெரியம்மா அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்து, "முப்பத்திரண்டுல்ல, தப்பாக் காட்டுதாக"ன்னாங்க. பெரியப்பா வேகமா தலையை ஆட்டிட்டு மறுபடியும் ஆறு தடவை, ஒரு விரல். பீரோவைத் திறந்து ரிட்டயர்மென்ட் ஆர்டரைத் தேடி எடுத்தோம். 31 வருஷம்தான்.

மூணாவது தடவை நான் கேக்கலை. வீடு விஷயத்தைக் கேட்டேன். விக்கக் கூடாதுன்னு கையை ஆட்டினார். விக்கலை.